நிமிடத்துக்கு எத்தனை

சுழலும் இயந்திரத்தில் பத்து நிமிடம் வைத்தால் போதும்,
ரத்தம் கீழே தங்கி
சீரம் மேலே தெளிந்துவிடும்.
என் இடது கைக்கு
இருபது நாளாகியும் ஒன்றும் தெளியவில்லை.

முதலில் சி.
ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியில்,
நடுவிரல் நான்கில்,
மோதிர விரல் ஐந்தாம் கம்பிக்கு எக்குகிறது,
பரண்மேல் டப்பா எடுப்பதுபோல்.
அங்கிருந்து ஏ மைனர்.
இரண்டு விரல் அசையவே வேண்டாம்.
மோதிர விரல் மட்டும் எழுந்து
மூன்றாம் கம்பிக்குக் குடிபோக வேண்டும்.
அவ்வளவுதான்.
அவ்வளவுதான் வரமாட்டேன் என்கிறது.

போனில் அறுபது விநாடி வைத்து
மாற்றி மாற்றி எண்ணுகிறேன்.
முதல் நாள் பதினொன்று.
லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தேதி போட்டு எழுதினேன்.
பக்கத்தில் பழக்கதோஷம்,
மி.கி. என்றும் எழுதிவிட்டு அடித்தேன்.

லேப் இருப்பது காரைக்குடி செக்காலை ரோட்டில்.
நான் இருப்பது
பதினேழு பங்காளிகளுக்குச் சொந்தமான வீட்டின்
மூன்றாம் கட்டில், வாடகைக்கு ஓர் அறை.
ஐந்து பங்கு சென்னையில், இரண்டு கோலாலம்பூரில்,
மற்றவர்கள் வாய்தாவுக்கு மட்டும் ஊருக்கு வருவார்கள்.
முற்றத்தைச் சுற்றிப் பூட்டு, பூட்டு, பூட்டு.
முட்டை வெள்ளை சேர்த்துத் தேய்த்த சுவர்
எதையும் உறிஞ்சாது.
தப்பாக வாசித்ததை
ஒரு பைசா குறையாமல் திருப்பித் தருகிறது.

கிட்டார், தேவகோட்டை செல்வின் விற்றது.
சர்ச்சில் வாசித்த பையன், துபாய் போகிறான்.
ஆயிரத்து எண்ணூறு, உறை இல்லை.
டவுன் பஸ்ஸில் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன்.
"பிள்ளைக்கா?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.
"எனக்குத்தான்."
அதற்குப் பிறகு அவள்
கோட்டையூர் வரைக்கும் சன்னலையே பார்த்தாள்.

காலை ஆறரைக்கு வெறும் வயிற்று வரிசை.
புரோட்டா மாஸ்டர் ஜமாலுதீன் கை நீட்டுவார்.
கல்லில் பட்டுப் பட்டுக் காய்த்த விரல்,
முதல் குத்தில் ரத்தம் வராது,
பக்கவாட்டில் போட்டுப் பிதுக்க வேண்டும்.
இன்று அவர் என் விரலைப் பார்த்தார்.
"என்னம்மா இது, கோடு கோடா?"
"கம்பி."
"கட்டட வேலையா போறே?"
வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், ஊசியைக் கீழே வைத்துவிட்டு.

மாதம் ஒருமுறை எனக்கு நானே பார்ப்பது வழக்கம்,
அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வரலாம்.
எப்போதும் இடது மோதிர விரல்.
குத்தினேன். வரவில்லை.
அழுத்தினேன்.
வெள்ளையாய் ஒரு புள்ளி, அவ்வளவே.
ஆயிரம் விரல் குத்தியிருக்கிறேன்,
சொந்த விரல் என்னை மறுத்தது இன்றுதான்.
யாருக்காவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
வலது கையில் குத்தினேன். தொண்ணூற்றாறு.

ராத்திரி எட்டேகாலுக்குக் கரண்ட் போனது.
போனில் சார்ஜும் இல்லை.
மூன்றாம் கட்டு மொத்தமும் மை.
விரல் எங்கே, கம்பி எங்கே,
குனிந்து பார்க்கவும் வழியில்லை.
வலது கையை மட்டும் நிறுத்தக் கூடாது என்பார்கள்.
நிறுத்தவில்லை.
கீழே, மேலே, கீழே.
விசில் கொடுத்துவிட்டு
நகரும் வண்டியில் ஓடி வந்து தொற்றும் கண்டக்டர்போல
மோதிர விரல் ஒவ்வொரு முறையும்
கொஞ்சம் பிந்தி, ஆனால் ஏறிக்கொண்டது.
ஒருமுறை கம்பி கரகரத்தது.
ஒருமுறை படியிலேயே தொங்கியது.
பிறகு ஒருமுறை
எனக்கு முன்னால் அது போய் உட்கார்ந்திருந்தது.

சுவர் என்ன திருப்பித் தந்தது என்று கவனிக்கவில்லை.
எத்தனை என்றும் எண்ணவில்லை.

கரண்ட் வந்ததும் நோட்டை எடுத்தேன்.
நேற்றைக்கு இருபத்தாறு.
இன்றைய தேதிக்கு நேரே
வழக்கமாக எழுதுவதையே எழுதினேன்:
மாதிரி போதவில்லை.
மறுபடி எடுக்கவும்.